அமெரிக்காவில் வீடு வாங்கியவர்களுக்கு: மழைநீர்க் கட்டணத்தைச் சரிபார்ப்பதும் குறைப்பதும் எப்படி?

அமெரிக்காவில் வீடு வாங்கியதும் வரத் தொடங்கும் பில்களில் 'ஸ்டார்ம்வாட்டர்', 'டிரெய்னேஜ்', 'வாட்டர் குவாலிட்டி' என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு கட்டணம் இருக்கலாம். பல ஊர்களில் தண்ணீர் பில்லோடு சேர்ந்து வருவதால், நாம் செலவழித்த தண்ணீருக்கான பணம் என்று நினைத்துப் பலரும் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். இது குழாய்த் தண்ணீருக்கானது இல்லை. உங்கள் கூரை, டிரைவ்வே, பின்பக்கத் தளம் இவற்றில் விழுந்து தெருவுக்கு ஓடும் மழைத் தண்ணீருக்கானது. இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தாலும் இந்தத் தொகை குறையாது.

எங்கள் வீட்டின் முந்தைய உரிமையாளர் ஒரு தனிக் கராஜை இடித்திருந்தார். நகராட்சிக் கணக்கில் அது அப்படியே இருந்தது. அதை நீக்கச் சொல்லி எங்கே கேட்பது என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடாகிவிட்டது. தண்ணீர் பில் அலுவலகம் பொறியியல் துறையைக் கைகாட்டியது, அவர்கள் கவுண்ட்டியைக் கைகாட்டினார்கள். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மழைநீரைத் தேக்கத் தோட்டத்தைத் தோண்டுவதற்கும் பீப்பாய் வாங்குவதற்கும் முன்னால், உங்கள் கணக்கில் இருக்கும் கூரை, தளங்களின் அளவைச் சரிபாருங்கள். அளவைத் திருத்தப் பெரும்பாலும் பணம் ஆகாது. மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும்.

1. கட்டணம் எந்த பில்லில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இது ஊருக்கு ஊர் மாறும். சியாட்டிலில் வடிகால் கட்டணம் தண்ணீர் பில்லில் வராது, கிங் கவுண்ட்டியின் சொத்து வரி அறிக்கையில் தனிக் கட்டணமாக வரும். மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்ட்டியிலும் அப்படித்தான். அங்கே இதன் பெயர் 'வாட்டர் குவாலிட்டி புரொடெக்‌ஷன் சார்ஜ்'. வீட்டுக்கடன் எஸ்க்ரோ வழியாக (மாதத் தவணையோடு வாங்கிக் கடன் நிறுவனமே கட்டும் முறை) சொத்து வரி கட்டுபவர்கள் இந்தக் கட்டணத்தைக் கண்ணால் பார்க்காமலேயே வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பார்கள். கவுண்ட்டி இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, வரி பில்லின் முழு நகலை இறக்கிப் பாருங்கள்.

வாஷிங்டன் டிசியில் ஒரே பில்லில் இரண்டு கட்டணங்கள் இருக்கும். ஒன்று சுற்றுச்சூழல் துறையின் ஸ்டார்ம்வாட்டர் ஃபீ. மற்றது தண்ணீர் நிறுவனமான டிசி வாட்டர் வாங்கும் 'கிளீன் ரிவர்ஸ்' கட்டணம். முதலாவதைவிட இரண்டாவது பல மடங்கு பெரியது. இரண்டுக்கும் தனித்தனிச் சலுகை விதிகள் இருப்பதால் அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்ட்டி வேறு வழியில் போகிறது. அங்கே வீட்டின் மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு என்று மழைநீருக்காக ஒரு சிறப்பு வரி. வீட்டு மதிப்பைப் பொறுத்த வரி என்பதால் டிரைவ்வேயை அளந்து பார்த்துப் பயனில்லை. உங்கள் ஊரும் இந்த முறையில் இருந்தால் 2, 3, 4 படிகளை விட்டுவிட்டு ஐந்தாவதற்குப் போய்விடலாம்.

பில்லில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் நிலத்தின் பார்சல் நம்பர், கட்டணத்தை விதிக்கும் அமைப்பின் சரியான பெயர். பணத்தை வசூலிப்பவரும் கட்டணத்தை நிர்ணயிப்பவரும் பல இடங்களில் வேறு வேறு. நீங்கள் பேச வேண்டியது நிர்ணயிப்பவரிடம்.

2. எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள்

அடிப்படை இதுதான்: மண்ணுக்குள் தண்ணீர் இறங்க விடாத பரப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கட்டணம். அதிகம் புழங்கும் அலகு ஈ.ஆர்.யூ. (ஈக்விவலன்ட் ரெசிடென்ஷியல் யூனிட்). ஊரில் உள்ள ஒரு சராசரித் தனி வீட்டில் இப்படிப்பட்ட பரப்பு எத்தனை சதுர அடி என்று பார்த்து அதை ஓர் அலகாக வைத்துக்கொள்வார்கள். டிசியில் மட்டும் ஓர் அலகு நேராக 1,000 சதுர அடி. மினியாபொலிஸில் வேறு பெயரில் 1,530, ராலேயில் 2,260, மாண்ட்கமரி கவுண்ட்டியில் 2,406. அதனால் வேறு ஊரில் இருக்கும் நண்பரின் பில்லோடு உங்கள் பில்லை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

தனி வீடுகளுக்கு மூன்று விதமாகக் கணக்கு இருக்கலாம். சில ஊர்களில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. பிலடெல்பியாவில் சாதாரணத் தனி வீடுகளுக்கு இப்படித்தான், ஆனால் அங்கேயே காண்டோ கட்டடங்களுக்கு நிலத்தை அளந்து போடுகிறார்கள். சில ஊர்களில் ஒவ்வொரு நிலத்தையும் தனியாக அளக்கிறார்கள். மூன்றாவது, படிநிலை முறை. இதில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

டிசியின் படிநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 700 முதல் 2,000 சதுர அடி வரை 1 அலகு. 2,100 முதல் 3,000 வரை 2.4 அலகு. 2,000 சதுர அடி இருக்கிற வீடும் 2,100 இருக்கிற வீடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டாவது வீட்டுக்காரர் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார். இல்லாத ஒரு ஷெட்டோ மரநிழலோ உங்கள் கணக்கில் சேர்ந்து எல்லையைத் தாண்ட வைத்திருந்தால், அதைத் திருத்துவது பில்லையே மாற்றிவிடும். படியின் நடுவில் இருப்பவருக்கு அதே திருத்தத்தால் ஒரு பைசா குறையாது. அதனால் நீங்கள் எந்தப் படியில், எல்லையிலிருந்து எத்தனை சதுர அடி தள்ளி இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். தெரு ஓர வடிகால் வாய்களைச் சுத்தம் செய்வது, நிலத்தடிக் குழாய்களை மாற்றுவது, தெருக் கூட்டும் வண்டிகள், நீர் தேங்கும் குளங்களின் பராமரிப்பு, ஓடைக்கரைகளைப் பலப்படுத்துவது, மத்தியத் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் நகரம் வைத்திருக்க வேண்டிய அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றுவது. பெரிய குழாய் வேலைகளுக்குக் கடன் பத்திரங்களும் மாநிலத்தின் சுழல்நிதிக் கடனும் வாங்குவார்கள். அதற்கான தவணையும் இந்தக் கட்டணத்திலிருந்துதான் போகும். பொது வரியில் இருந்து எடுத்தால் ஒவ்வொரு ஆண்டும் போலீஸ், பள்ளி, சாலை எல்லாவற்றோடும் போட்டி போட வேண்டும். அதனால்தான் நகரங்கள் தனிக் கட்டணத்தை விரும்புகின்றன. வண்டி நிறுத்த ஏக்கர் கணக்கில் தார் போட்ட கடை வளாகமும் அதன் பங்கைக் கட்டுவதால், எனக்கும் இது நியாயமான முறையாகவே படுகிறது.

வரி இல்லை, கட்டணம் என்பதால் இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு. சொத்து வரிவிலக்கு பெற்ற கோயில்களும் தமிழ்ப் பள்ளிக் கட்டடங்களும் பல ஊர்களில் இதைக் கட்டத்தான் வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களே கட்ட வேண்டும் என்று 2011இல் சட்டம் தெளிவாக்கிவிட்டது. கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் கட்டடம் வாங்கும்போதே பட்ஜெட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாகன நிறுத்தம் பெரிதாக இருந்தால் தொகையும் பெரிதாகவே வரும். இரண்டாவது, சொத்து வரி பில்லோடு வந்தாலும் இப்படிப்பட்ட சேவைக் கட்டணத்தை வருமான வரிக் கணக்கில் சொத்து வரியாகக் கழிக்க முடியாது.

3. உங்கள் நிலத்தை நீங்களே அளந்து பாருங்கள்

கவுண்ட்டியின் ஜி.ஐ.எஸ். வரைபடப் பக்கத்தைத் திறந்து பார்சல் நம்பரைப் போடுங்கள். வான்படத்தின் மேல் உங்கள் எல்லைக்கோடு தெரியும். அதிலேயே அளக்கும் கருவி இருக்கும். கூரை, டிரைவ்வே, பேட்டியோ, ஷெட், நீச்சல் குளத்தைச் சுற்றிய தளம் என்று ஒவ்வொன்றையும் தனியாக அளந்து எழுதுங்கள். க்ளோசிங்கின்போது (வீட்டை உங்கள் பெயருக்கு எழுதி வாங்கியபோது) கிடைத்த சர்வே வரைபடம் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வான்படத்தைவிட அது நம்பகமானது.

அப்புறம் நகரம் உங்கள் நிலத்தில் எதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். சில ஊர்களில் அது இணையத்திலேயே இருக்கும். மொத்தச் சதுர அடியை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். எந்தப் பகுதியைத் தவறாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது.

அடிக்கடி வரும் பிழைகள்: இடித்த கட்டடம் இன்னும் கணக்கில் இருப்பது, பக்கத்து வீட்டோடு பொதுவான டிரைவ்வே முழுவதும் உங்கள் பெயரில் இருப்பது, எல்லைக்கோடு சில அடி நகர்ந்து பக்கத்து வீட்டு ஷெட் உள்ளே வந்திருப்பது, அடர்ந்த மரநிழலைத் தளம் என்று எடுத்திருப்பது. பலகைகளுக்கு இடையே இடைவெளி விட்டு, அடியில் மண் இருக்கும்படி கட்டிய மர டெக்கைப் பல ஊர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சரளைக்கல் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீர் இறங்கும் என்று நமக்குத் தோன்றினாலும், வண்டி ஏறி இறுகிப்போன சரளையைப் பல ஊர்கள் சிமெண்டுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்கின்றன. ஊர் விதியில் 'தண்ணீர் இறங்காத பரப்பு' என்பதற்கு என்ன வரையறை இருக்கிறது என்று படித்துவிட்டு வாதாடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வான்படம் எடுத்த பிறகு நீங்கள் புதிதாகப் பேட்டியோ போட்டிருந்தால் அது இன்னும் கணக்கில் வராமல் இருக்கலாம். மறு ஆய்வு கேட்டால் முழு நிலத்தையும் அளப்பார்கள், தொகை கூடவும் செய்யலாம். எல்லாவற்றையும் நேர்மையாகக் கூட்டிப் பார்த்து, உங்கள் எண் அவர்களுடையதைவிடக் குறைவாக வந்தால் விண்ணப்பியுங்கள்.

4. திருத்தம் கேட்டு விண்ணப்பியுங்கள்

இதற்குப் பெரும்பாலும் ஒரு பக்கப் படிவம்தான். 'அட்ஜஸ்ட்மென்ட்' அல்லது 'அப்பீல்' என்ற பெயரில் இருக்கும். சேர்க்க வேண்டியவை:

சமீபத்திய பில்லின் நகல்.
நகரத்தின் வரைபடம், தவறான இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டது.
நீங்கள் அளந்த பட்டியல்.
சர்வே வரைபடம்.
தேதி தெரியும்படி எடுத்த படங்கள்.
இடிப்பு என்றால் இடிப்பு பெர்மிட்டின் நகல். முந்தைய உரிமையாளர் எடுத்ததாக இருந்தாலும் கட்டட அனுமதித் துறையின் பதிவில் முகவரியை வைத்துத் தேடி எடுக்கலாம். எங்கள் விஷயத்தில் வேலையை முடித்துக்கொடுத்தது இந்த ஒரு காகிதம்தான்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கட்டணத்தை நிறுத்தாதீர்கள். கட்டாமல் விட்டால் அபராதம் சேரும், பல ஊர்களில் வீட்டின் மேலேயே பாக்கியாகப் பதிவாகும், விற்கும்போது தலைவலி தரும். திருத்தம் ஏற்கப்பட்டால் பல ஊர்களில் முன்பு அதிகம் கட்டியதைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் எத்தனை காலம் பின்னோக்கிப் போவார்கள் என்பதற்கு ஊர் விதியில் வரம்பு உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் நஷ்டம்தான். தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பாமல் எழுத்தில் அனுப்பி, விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அடுத்த மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று மறுப்புக் கடிதத்தில் இருக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

5. சலுகை வேறு, மானியம் வேறு

மழைநீரை உங்கள் நிலத்திலேயே தேக்கினால் பில்லில் தள்ளுபடி தருவது கிரெடிட். தேக்குவதற்கான வேலைக்கே பணம் தருவது ரிபேட். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு செலவு செய்துவிடுபவர்கள்தான் அதிகம்.

கிரெடிட்டின் அறிவிப்பில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். போர்ட்லாந்தில் 100 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு, ஆனால் அது கட்டணத்தில் உங்கள் நிலத்துக்கான பகுதிக்கு மட்டும். அது மொத்தத்தில் 35 சதவீதம்தான். மீதி தெருக்களின் மழைநீருக்கானது, அதில் தள்ளுபடி கிடையாது. டிசியில் ஸ்டார்ம்வாட்டர் ஃபீயில் 55 சதவீதம் வரை குறைக்கலாம். அந்தக் கட்டணம் நீண்ட காலமாக ஓர் அலகுக்கு மாதம் 2.67 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் அலகு வீட்டுக்கு வருடத்துக்கு 18 டாலர்கூட மிச்சமாகாது. கிளீன் ரிவர்ஸ் கட்டணத்தில் 20 சதவீதம் வரை தனியாகக் கிடைக்கும், அது கொஞ்சம் பரவாயில்லை. அப்படியும் ஆயிரக்கணக்கில் செலவு செய்து ரெயின் கார்டன் (மழைநீர் தேங்கி மண்ணில் இறங்கும் பள்ளமான செடிப்பாத்தி) போட்டு கிரெடிட்டிலேயே பணத்தை எடுத்துவிடலாம் என்று எண்ணினால் அது நடக்காது.

பீப்பாயும் அப்படித்தான். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 620 கேலன் தண்ணீர். கடையில் விற்கும் பீப்பாய் 50, 60 கேலன்தான் கொள்ளும். செடிக்கு ஊற்ற நல்லது, வாங்குங்கள். பில் குறையும் என்று வாங்காதீர்கள்.

ரிபேட்தான் வீட்டுக்காரர்களுக்கு உண்மையில் பயன் தருவது. சியாட்டிலில் ரெயின்வைஸ், மாண்ட்கமரி கவுண்ட்டியில் ரெயின்ஸ்கேப்ஸ், டிசியில் ரிவர்ஸ்மார்ட் ஹோம்ஸ், பிலடெல்பியாவில் ரெயின் செக் என்று திட்டங்கள் இருக்கின்றன. ரெயின்வைஸ் குறிப்பிட்ட வடிகால் பகுதிகளில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும், அதனால் முதலில் முகவரியைப் போட்டுத் தகுதி பாருங்கள்.

இதில் இருக்கும் பெரிய பொறி: எழுத்தில் ஒப்புதல் வருவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் பெரும்பாலான திட்டங்களில் ஒரு டாலரும் கிடைக்காது. கான்ட்ராக்டர் அவசரப்படுத்துவார், தேதி இப்போதுதான் காலியாக இருக்கிறது என்பார். அசையாதீர்கள். வரிசை இதுதான்: விண்ணப்பம், அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பது, ஒப்புதல் கடிதம், வேலை, ரசீதும் படங்களும், இறுதி ஆய்வு, காசோலை. பணம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும் என்பதால் அதுவரை உங்கள் கையிலிருந்து போட முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிதியாண்டின் முடிவில் திட்டப் பணம் தீர்ந்துபோவதும் உண்டு. ஆண்டு தொடங்கியதும் விண்ணப்பிப்பது நல்லது.

6. மண்ணைத் தொடுவதற்கு முன்

811ஐ அழையுங்கள். இலவசம். சில வேலை நாட்களில் வந்து கேஸ், மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று தரையில் வண்ணம் அடித்துக் காட்டுவார்கள்.

ரெயின் கார்டனை வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பேஸ்மென்டில் ஈரம் இறங்கும். முதலில் ஒரு சிறு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாளும் நிற்கிறதா பாருங்கள். ஓரிரு நாளில் வற்றாத களிமண் என்றால் கொசுதான் வளரும். அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வழியும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. சர்வே வரைபடத்தில் வடிகால் ஈஸ்மென்ட் (வடிகாலுக்காக நகரம் பயன்படுத்த உரிமை உள்ள இடம்) என்று கோடு போட்டிருந்தால் அங்கே வேலி, ஷெட் எதுவும் வேண்டாம். நகரம் குழாயைத் தோண்ட வரும்போது உங்கள் செலவில்தான் அகற்ற வேண்டியிருக்கும்.

7. எச்.ஓ.ஏ. குளம் இருந்தால் வாங்கும் முன்பே கேளுங்கள்

புதுக் குடியிருப்புகளில் அழகாகத் தெரியும் குளம் பெரும்பாலும் மழைநீரைத் தேக்க நகரம் கட்டச் சொன்ன குளம். அதைப் பராமரிக்கும் பொறுப்பு பல இடங்களில் எச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் மேல், அதாவது உங்கள் எல்லோர் மேலும். பில்டர் ஒப்படைத்துவிட்டுப் போன சில ஆண்டுகளில் சேறு தூர்வார வேண்டிவரும், கரை உள்வாங்கும், வெளியேற்றும் குழாய் துருப்பிடிக்கும். சேமிப்பு இல்லாத எச்.ஓ.ஏ. அப்போது வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தவணையில் கேட்கும்.

க்ளோசிங்குக்கு முன் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: நகரத்தோடு பதிவு செய்த பராமரிப்பு ஒப்பந்தம், கடைசி ஆய்வு அறிக்கை, எச்.ஓ.ஏ.யின் சேமிப்பு நிதி அறிக்கை. ஆய்வு அறிக்கையில் 'சரிசெய்ய வேண்டியவை' என்ற பகுதியை வரி விடாமல் படியுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தக் குளத்துக்காக நகரத்திடம் கிரெடிட் வாங்கியிருக்கிறோமா? பல ஊர்களில் குளத்தைப் பராமரிப்பவருக்குத் தள்ளுபடி உண்டு, ஆனால் யாராவது விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், குறித்த காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.

8. தண்ணீர் தேங்கினால்

தெருவிலும் வடிகால் வாயிலும் அடைப்பு என்றால் நகரத்தின் வேலை. 311 என்ற நகரப் புகார் எண் இருக்கும் ஊரில் அங்கே பதிவு செய்யுங்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே வழிந்து வருவதில் நகரம் பெரும்பாலும் தலையிடாது. பழைய நகரங்கள் சுமார் 700இல் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. அங்கே கனமழையில் பேஸ்மென்டுக்குள் கழிவுநீர் ஏறலாம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் இதற்கு இழப்பீடு வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். வெள்ளமும் அதில் அடங்காது. தேசிய வெள்ளக் காப்பீடு வாங்கினால் நடைமுறைக்கு வர பொதுவாக 30 நாள் ஆகும், வீட்டுக்கடனோடு சேர்த்து வாங்கும்போது அந்தக் காத்திருப்பு இல்லை. புயல் அறிவிப்பு வந்த பிறகு வாங்கிப் பயனில்லை. உங்கள் ஊர் வெள்ள மேலாண்மைக்கான மத்தியத் தரவரிசையில் இருந்தால் பிரீமியத்தில் 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு, ஏஜென்டிடம் கேளுங்கள்.

தேங்கும்போதெல்லாம் படம் எடுங்கள். தேதி, நேரம், எங்கிருந்து வருகிறது, எவ்வளவு ஆழம் என்பது தெரிய வேண்டும். உங்கள் தெரு நகரத்தின் மூலதனத் திட்டப் பட்டியலில் (செய்யப்போகும் பெரிய கட்டுமான வேலைகளின் பட்டியல்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பட்ஜெட் விசாரணைக் கூட்டத்தில் அந்தப் படங்களைக் கொடுங்கள். பல நகரங்களுக்கு நிதியாண்டு ஜூலை 1, டிசிக்கும் டெக்சாஸ் நகரங்கள் பலவற்றுக்கும் அக்டோபர் 1, சியாட்டிலுக்கு ஜனவரி 1. அதற்குச் சில மாதங்கள் முன்பே கூட்டங்கள் நடந்து முடிந்துவிடும், தேதி நகர மன்றத்தின் பக்கத்தில் இருக்கும். அதே தெருவில் உள்ள மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே கடிதமாக, 311 பதிவு எண்களோடு கொடுத்தால் கூடுதல் கவனம் கிடைக்கும்.